குறைகளையும் படியெடுக்கும் கலை: கமடோர் 64-உம் அதன் நெகிழ்வட்டுகளும்

பழைய வீட்டுக் கணினிகளை இன்றைய கணினிக்குள் மென்பொருளாக மீண்டும் இயங்கச் செய்யும் முயற்சி, மேலோட்டமாகப் பார்ப்பவர்களுக்கு விளையாட்டுப் பிரியர்களின் பொழுதுபோக்காகத் தோன்றினாலும், அந்த வேலையில் இறங்கியவர்கள் அனைவரும் முதல் சில மாதங்களுக்குள்ளேயே ஒரு கடினமான கேள்வியை எதிர்கொண்டிருக்கிறார்கள்: ஒரு பொறியைப் படியெடுக்கும்போது அதன் திறன்களை மட்டும் படியெடுத்தால் போதுமா, குறைகளையும் சேர்த்தே படியெடுக்க வேண்டுமா? 1982 ஆகஸ்டில் 595 டாலர் விலையில் அமெரிக்கச் சந்தைக்கு வந்து, 1994இல் கமடோர் நிறுவனம் திவாலாகும்வரை விற்பனையில் இருந்த கமடோர் 64 இக்கேள்விக்குத் தயக்கமில்லாத விடை தருகிறது. உலகெங்கும் 1.25 கோடி முதல் 1.7 கோடி வரை விற்றதாக மதிப்பிடப்படும் இக்கணினிக்கு எழுதப்பட்ட நல்ல நிரல்களுள் பெரும்பாலானவை, அதன் வடிவமைப்பாளர்கள் எண்ணிப் பார்த்திராத ஓட்டைகளின் மீதே கட்டப்பட்டவை. ஓட்டையை அடைத்துவிட்டால் நிரல் நின்றுவிடும்.

எமுலேட்டர் என்பது, ஒரு கணினியின் செயலி, நினைவகம், ஒளிச்சில்லு, ஒலிச்சில்லு ஆகியவற்றின் நடத்தையை வேறொரு கணினியில் நிரலாக எழுதி, பழைய கணினிக்கென எழுதப்பட்ட மென்பொருளை ஒரு வரியும் மாற்றாமல் அப்படியே ஓட வைக்கும் ஏற்பாடு. கமடோர் 64-இன் 6510 செயலி, ஐரோப்பிய மாதிரிகளில் நொடிக்கு ஏறத்தாழ 9,85,000 துடிப்புகளோடு ஓடியது. அதன் நினைவகம் 64 கிலோபைட். இன்றைய மலிவான கைப்பேசிகூட இதைவிடப் பல்லாயிரம் மடங்கு வேகமுடையது என்பதால், வேகம் இங்கே சிக்கலே இல்லை. எந்தத் துடிப்பில் எது நடந்தது என்பதைத் தவறாமல் திரும்ப நிகழ்த்துவதுதான் சிக்கல்.

விக்-2 என்ற ஒளிச்சில்லு, ஐரோப்பியத் தொலைக்காட்சி முறையில் ஒரு திரைப்படிமத்தை 312 கோடுகளாக, கோட்டுக்கு 63 துடிப்புகள் வீதம், நொடிக்கு 50 முறை வரைந்தது. திரையில் எழுத்துகள் தோன்றும் பகுதியில் ஒவ்வோர் எட்டாவது கோட்டிலும், அடுத்த வரிசைக்குரிய 40 எழுத்துக் குறிகளை நினைவகத்திலிருந்து எடுப்பதற்காக அச்சில்லு செயலியை நிறுத்திவைத்து, 63 துடிப்புகளில் குறைந்தது 40-ஐத் தனக்கென எடுத்துக்கொண்டது. நிரலாளர்கள் இதை ‘கெட்ட கோடு’ என்று அழைத்தார்கள். இந்தக் கணக்கை மனப்பாடமாகத் தெரிந்துவைத்திருந்தவர்களால், மின்கதிர் திரையின் குறிப்பிட்ட கோட்டுக்கு வரும் நேரம் பார்த்து ஒரு பதிவேட்டின் மதிப்பை மாற்றி, சில்லு தரவே முடியாத காட்சிகளைத் தரவைக்க முடிந்தது. அவற்றுள் பெயர்பெற்றது கரை திறப்பு. எழுத்துப் பகுதி 25 வரிசையா 24 வரிசையா என்பதைப் பொறுத்து, இரு வேறு கோடுகளில் ஒன்றில் விக்-2 கரையை வரையத் தொடங்கும். 24 வரிசைக்குரிய கோடு கடந்த பிறகும் 25 வரிசைக்குரிய கோடு வருவதற்கு முன்பும் உள்ள சிறு இடைவெளியில் அமைப்பை 24-க்கு மாற்றிவிட்டால், முதல் சோதனை ஏற்கெனவே போய்விட்டது, இரண்டாவது சோதனை நடக்கப்போவதில்லை. ஆகவே கரை வரையப்படாமலேயே போய், வெறும் வண்ணப் பட்டையாக இருக்க வேண்டிய இடத்தில் உருவங்கள் நகரத் தொடங்கும்.

கட்டளைக்குக் கட்டளை மட்டும் சரிபார்த்து ஓடிய தொடக்ககால எமுலேட்டர்கள் இத்தகைய நிரல்களின்முன் தடுமாறின. 1993இல் எக்ஸ்64 என்ற பெயரில் தொடங்கி, பின்னர் வைஸ் என்ற பெயரில் இன்றுவரை தன்னார்வலர்களால் வளர்க்கப்பட்டுவரும் எமுலேட்டரே ஒரு கட்டத்தில் துடிப்புக்குத் துடிப்பு துல்லியமாக இயங்கும் தனி நிரலொன்றைச் சேர்க்க வேண்டியதாயிற்று. செயலியின் கதையும் இதுதான். 6502 குடும்பத்தில் 256 கட்டளைக் குறிகளுக்கு இடம் இருந்தும், தயாரிப்பாளரின் கையேடு 151-ஐ மட்டுமே விவரித்தது. மிஞ்சிய 105 குறிகளுக்கும் சில்லு ஏதோ ஒன்றைச் செய்தது என்பதைக் கண்டுபிடித்த நிரலாளர்கள், அவற்றில் பயனுள்ளவற்றை வெட்கமின்றிப் பயன்படுத்தினார்கள். அவற்றுள் ஓரிரு குறிகளின் விளைவு சில்லுக்குச் சில்லு வேறுபடும், வெப்பநிலையைப் பொறுத்தும் மாறும் என்பதால், எமுலேட்டர் எழுதுபவர் எந்தச் சில்லை, எந்த வெயிலில் படியெடுப்பது என்று முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது.

ஒலிச்சில்லான சிட், பாப் யானஸ் வடிவமைத்தது. மூன்று குரல்களும் ஒரு வடிகட்டியும் கொண்டது. ஒலியளவுப் பதிவேட்டின் மதிப்பை மாற்றும்போதெல்லாம் ‘டக்’ என்ற சிறு ஓசை வெளிவந்தது அதன் முதல் மாதிரியான 6581-இன் பிழை. அந்த ஓசையை நொடிக்குப் பல ஆயிரம் முறை எழுப்பினால் பதிவுசெய்த மனிதக் குரலையோ முரசொலியையோ ஒலிக்கச் செய்யலாம் என்று யாரோ கண்டுபிடித்த பிறகு, மூன்று குரல் சில்லு நான்காவது குரலையும் பெற்றது. பிற்காலத்து 8580 மாதிரியில் பொறியாளர்கள் பிழையைச் சரிசெய்தார்கள்; நல்ல எண்ணத்தோடு செய்த அந்தத் திருத்தத்தால் பல விளையாட்டுகளின் முரசொலி காதில் விழாத அளவுக்குத் தேய்ந்துபோனது. அதனால் இன்றைய எமுலேட்டர்கள் அனைத்தும் எந்தச் சில்லு வேண்டும் என்று கேட்கின்றன. ‘ஹை வோல்டேஜ் சிட் கலெக்‌ஷன்’ என்ற தொகுப்பில் சேர்ந்துள்ள 50,000-க்கும் மேற்பட்ட இசைக்கோப்புகளை உரிய முறையில் கேட்பதற்கு இந்தத் தேர்வு தேவைப்படுகிறது.

இரண்டாவது கணினி

இவ்வளவையும் செய்து முடித்தாலும் பாதி வேலைதான் முடிந்திருக்கும். ஏனெனில் கமடோர் 64-உடன் இணைக்கத் தனியாக விற்கப்பட்ட 1541 நெகிழ்வட்டு இயக்கி, அதாவது ஃப்ளாப்பி டிரைவ், தானே ஒரு முழுக் கணினி. அதற்குள் ஒரு 6502 செயலியும், 2 கிலோபைட் நினைவகமும், வட்டைக் கையாளும் நிரல் பதிந்த 16 கிலோபைட் நிலை நினைவகமும் இருந்தன. மையக் கணினி, இன்ன பெயருள்ள கோப்பு வேண்டும் என்று கேட்பதோடு சரி; வட்டைச் சுழற்றுவது, தடம் தேடுவது, படிப்பது, பிழை கண்டால் மீண்டும் முயல்வது எல்லாம் இயக்கியின் பொறுப்பு.

இந்த அமைப்பின் பெரும் பழி அதன் மந்தம். முந்தைய வீட்டுக் கணினியான விக்-20-ஐ வடிவமைத்தபோது, விலையுயர்ந்த இணைக் கம்பிவடத்துக்குப் பதிலாக ஒரே கம்பியில் பிட் பிட்டாக அனுப்பும் முறையைக் கமடோர் தேர்ந்தெடுத்தது. 6522 என்ற உள்ளீட்டு-வெளியீட்டுச் சில்லின் பெயர்வுப் பதிவேடு இந்த வேலையைத் தானாகவே செய்திருக்க வேண்டும். அதில் பிழை இருந்ததால், ஒவ்வொரு பிட்டையும் மென்பொருளே கம்பியில் ஏற்றி இறக்க நேர்ந்தது. அடுத்து வந்த கமடோர் 64-இல், முன்பு சொன்ன கெட்ட கோடுகளின்போது செயலி நின்றுவிடும் என்பதால், பிட்டுகள் தவறிவிடாதிருக்க வேகத்தை இன்னும் குறைத்தார்கள். முடிவில் கிடைத்தது நொடிக்கு ஏறத்தாழ 400 பைட். ஐம்பதாயிரம் பைட் அளவுள்ள விளையாட்டு ஒன்று ஏறுவதற்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் பிடித்தது. ஒரு சில்லின் பழுதுக்கு மருந்தாகச் செய்த ஏற்பாடு, அந்தப் பழுது ஒழிந்த பிறகும் இணக்கம் என்ற பெயரில் நிலைத்துவிட்டது.

இயக்கியும் ஒரு கணினிதான் என்பதை உணர்ந்த நிரலாளர்கள், தாங்கள் எழுதிய சிறு நிரலொன்றை முதலில் அதன் 2 கிலோபைட் நினைவகத்துக்கு அனுப்பி, அதை அங்கேயே ஓடச் செய்து, கம்பியின் இருமுனையிலும் தங்களுடைய நிரலே பேசும்படி செய்துகொண்டார்கள். 1984இல் வெளிவந்த எபிக்ஸ் ஃபாஸ்ட்லோட் போன்ற விரைவேற்றிகள் இவ்வாறு வேகத்தைப் பல மடங்கு உயர்த்தின. விளையாட்டு நிறுவனங்களும் தத்தம் சொந்த விரைவேற்றிகளை வட்டின் தொடக்கத்திலேயே வைத்தன. கோப்பு கேட்கப்படும் இடத்தைப் பிடித்துக்கொண்டு கோப்பை நேரடியாகக் கொடுத்துவிடும் எளிய எமுலேட்டர்கள் இங்கேதான் தோற்றன: நிரல் இயக்கியின் செயலியோடு பேச விரும்புகிறது, பேசுவதற்கு அங்கே யாரும் இல்லை. வைஸ் எமுலேட்டரில் ‘உண்மை இயக்கி’ என்ற தெரிவை இயக்கினால், இரண்டாவது 6502-உம் அதன் சில்லுகளும் முதல் செயலியோடு துடிப்பு பிசகாமல் இணைந்து ஓடுகின்றன. பழைய இரண்டு நிமிடக் காத்திருப்பும் அப்படியே திரும்பி வருகிறது. அதைத் தவிர்க்க விரும்புவோர் தெரிவை அணைக்கலாம், ஆனால் பாதி வட்டுகள் ஓடா. இயக்கியின் சுதந்திரத்தை எல்லைவரை கொண்டுசென்ற படைப்பு 2021இல் வெளிவந்த ஃப்ரீஸ்பின் என்னும் செயல்விளக்க நிரல்: கணினியைக் கழற்றிவிட்டு, 1541-இன் கம்பிவடத்தை நேராகத் திரையில் செருகினால், இயக்கி தனியாகவே படம் காட்டும், வட்டைப் படிக்கும் ஹெட்டை நகர்த்தும் மோட்டாரின் முனகலாலேயே இசையும் எழுப்பும்.

காந்தத் துகளில் எழுதியது

வட்டு என்பது மெல்லிய பாலியெஸ்டர் படலம். அதன்மேல் இரும்பு ஆக்சைடு துகள்கள் ஒரு பிசினில் கலந்து பூசப்பட்டிருக்கும். ஐபிஎம் 1971இல் 8 அங்குல அளவில் விற்பனைக்குக் கொண்டுவந்த இந்த உத்தியை, சுகார்ட் அசோசியேட்ஸ் 1976இல் 5.25 அங்குலத்துக்குச் சுருக்கியது. இயக்கியின் ஹெட் படலத்தை உரசியபடி செல்லும்போது, காந்தத்தின் திசை மாறும் இடம் ஒரு துடிப்பாகத் தெரியும். திசை மாறினால் 1, மாறாவிட்டால் 0. மாறாத நிலை நீண்டுவிட்டால், எத்தனை பூச்சியங்கள் கடந்தன என்ற கணக்கை இயக்கி தவறவிடும் என்பதால், நான்கு பிட்டுகளை ஐந்து பிட்டுகளாக மாற்றி, இரண்டுக்கு மேற்பட்ட பூச்சியங்கள் அடுத்தடுத்து வராதபடி எழுதும் குழுக்குறி முறையை 1541 கையாண்டது.

1541 வட்டில் 35 தடங்கள். வெளித் தடம் நீளமானது, உள் தடம் குறுகியது. ஆகவே வட்டு நிமிடத்துக்கு 300 சுற்று என்ற ஒரே வேகத்தில் சுழன்றாலும், எழுதும் வேகத்தை நான்கு மண்டலங்களாகப் பிரித்து, வெளியே தடத்துக்கு 21 செக்டர் என்றும் உள்ளே செல்லச் செல்ல 19, 18, 17 என்றும் அமைத்தார்கள். செக்டர் என்பது 256 பைட் கொண்ட ஒரு துண்டு. மொத்தம் 683 துண்டுகள். அவற்றுள் அட்டவணைக்கான 18-ஆம் தடத்தின் 19 போக, புதிய வட்டைச் செருகியவுடன் திரையில் தெரியும் 664 என்ற எண் மிஞ்சும். இந்த 683 துண்டுகளை வரிசையாக அடுக்கினால் 1,74,848 பைட் கொண்ட கோப்பு கிடைக்கிறது. டி64 என்று அழைக்கப்படும் இந்த வடிவத்தில்தான் இணையத்தில் உலவும் கமடோர் வட்டுகளில் பெரும்பாலானவை இருக்கின்றன.

டி64 தரவை மட்டும் வைத்துக்கொண்டு வட்டைத் தூக்கி எறிந்துவிடுகிறது. துண்டுகளுக்கிடையே உள்ள இடைவெளி, ஒத்திசைவுக் குறிகளின் நீளம், இரு தடங்களுக்கு நடுவே எழுதப்பட்ட அரைத் தடம், மண்டலத்துக்குப் பொருந்தாத வேகத்தில் எழுதிய பகுதி ஆகிய எதுவும் அதில் இடம்பெறாது. சாதாரண வட்டுக்கு இவை தேவையில்லை. ஆனால் 1980களின் வணிக விளையாட்டுகள், வாங்கியவர் படியெடுப்பதைத் தடுக்கும் பொருட்டு, இவற்றுக்குள்தான் பூட்டுகளைப் புதைத்தன. மிக எளிய பூட்டு, வட்டில் வேண்டுமென்றே கெடுக்கப்பட்ட ஒரு துண்டு. நிரல் அதைப் படித்துப் பார்த்து, பிழை வந்தால் மட்டுமே அசல் என்று ஏற்கும். முதல் தடத்தைக் காட்டும் உணரி 1541-இல் கிடையாது. எனவே பிழை நேரும்போதெல்லாம் ஹெட்டை வெளிப்புறமாக நாற்பது முறைக்குமேல் தள்ளி, தடுப்புக்கட்டையில் முட்டவைத்துத்தான் அது தன் இடத்தை அறிந்துகொள்ளும். காசு கொடுத்து அசல் வட்டு வாங்கியவர்களின் இயக்கிகள்தான் இவ்வாறு ஒவ்வொரு முறையும் ‘தடதட’வென்று முட்டி நேர்வரிசை கலைந்தன, திருட்டு நகல் வைத்திருந்தவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை என்பது அக்கால வணிக அறத்தின் வேடிக்கைகளுள் ஒன்று.

இன்னும் நுட்பமான பூட்டு, தெளிவற்ற பிட்டு. 1987இல் அட்டாரி எஸ்டி கணினிக்கு எஃப்டிஎல் நிறுவனம் வெளியிட்ட ‘டஞ்சன் மாஸ்டர்’ இதனால் புகழ்பெற்றது. வட்டின் ஓரிடத்தில் காந்த மாற்றங்கள் 0-க்கும் 1-க்கும் நடுவில் விழும்படி தொழிற்சாலைப் பொறியால் எழுதப்பட்டிருந்ததால், படிக்கும்போதெல்லாம் வேறு வேறு விடை வந்தது. நிரல் அதைப் பலமுறை படித்து, விடை மாறினால் அசல் என்றும், மாறாமல் ஒரே விடை வந்தால் நகல் என்றும் தீர்ப்பளித்தது. மனிதர்களிடம் முன்னுக்குப்பின் முரணாகப் பேசாதவரே நம்பத்தக்கவர் என்று கொள்ளும் உலகில், முரண்பட்ட விடையையே வாய்மைக்குச் சான்றாகக் கேட்ட பூட்டு இது. எப்போதும் ஒரே பைட்டைத் திருப்பித் தரும், டி64 போன்ற படிமக் கோப்பு ஒன்றால் இந்தச் சோதனையில் தேறவே முடியாது.

விளைவாக, நெடுங்காலம் பாதுகாக்கப்பட்டவை பெரும்பாலும் பூட்டுடைத்தவர்கள் விட்டுச்சென்ற நகல்களே. அவர்கள் பூட்டை நீக்கியதோடு நில்லாமல், தங்கள் குழுவின் பெயரை ஆடும் எழுத்துகளிலும் இசையிலும் முகப்பாகச் சேர்த்தார்கள், வட்டில் இடம் போதாதபோது தொடக்கப் படத்தை வெட்டினார்கள், சில சமயம் விளையாட்டின் நடுவில் மறைந்திருந்த இரண்டாவது சோதனையைக் கவனிக்காமல் விட்டார்கள். அவர்களை வெறும் திருடர்கள் என்று ஒதுக்குவது எளிது. அவர்கள் இல்லாதிருந்தால் அந்த நிரல்களில் பல இன்று எந்த வடிவிலும் கிடைக்காது என்பதும் உண்மை. ஆனால் நூலகம் ஒன்று சேர்க்க விரும்பும் பிரதி அதுவாக இருக்க முடியாது. ஆப்பிள் 2 உலகில், 4ஏஎம் என்ற புனைபெயரில் இயங்கும் ஒருவர், பூட்டைத் தவிர வேறெதையும் தொடாமல், எப்படித் திறந்தார் என்ற விரிவான குறிப்போடு நூற்றுக்கணக்கான வட்டுகளை இன்டர்நெட் ஆர்க்கைவில் சேர்த்திருப்பது இந்தக் குறையை உணர்ந்து எழுந்த மறுசெயல். பூட்டோடு சேர்த்தே காப்பது அதற்கடுத்த படி: கமடோருக்கு ஜி64, ஆப்பிள் 2-க்கு 2018இல் வந்த வாஸ் போன்ற வடிவங்கள், துண்டுகளை விட்டுவிட்டு, தடத்தில் உள்ள பிட்டு ஓட்டத்தையே பதிவுசெய்கின்றன.

வட்டைப் படிப்பவரின் மேசை

பிட்டு என்று தீர்ப்பளிப்பதற்கும் முந்தைய நிலைக்குச் செல்லும் கருவிகள் கடந்த பதினைந்து ஆண்டுகளில் பரவலாகியிருக்கின்றன. மென்பொருள் பாதுகாப்புச் சங்கத்தினர் உருவாக்கிய கிரையோஃப்ளக்ஸ், கீர் ஃப்ரேசர் வடிவமைத்து வரைபடங்களைப் பொதுவில் விட்டுள்ள கிரீஸ்வீசல் ஆகியவை, சாதாரண ஃப்ளாப்பி டிரைவ் ஒன்றை யுஎஸ்பி வழியாகக் கணினியோடு இணைத்து, ஒவ்வொரு காந்த மாற்றத்துக்கும் அடுத்த மாற்றத்துக்கும் இடைப்பட்ட நேரத்தை நானோநொடிக் கணக்கில் அளந்து எழுதிவைக்கின்றன. ஒரு தடத்தை ஒரு சுற்றோடு விடாமல் பல சுற்றுகள் படிப்பதால், தெளிவற்ற பிட்டுகளின் தடுமாற்றமும் பதிவாகிறது. சில நூறு கிலோபைட் தரவுக்குப் பல மெகாபைட் பதிவு உருவாகும். ஆனால் வட்டு நாளை அழிந்தாலும், என்ன எழுதப்பட்டிருந்தது என்ற ஆராய்ச்சியை நிதானமாகப் பிறகு செய்துகொள்ளலாம்.

எந்த டிரைவில் படிப்பது என்பதில் ஒரு கண்ணி உண்டு. 1541 வட்டின் ஒரு பக்கத்தை மட்டுமே படித்ததால், சிக்கனக்காரர்கள் அட்டையுறையின் மறு ஓரத்தில் காகிதத் துளைப்பானால் ஒரு வெட்டுப் போட்டு, வட்டைத் திருப்பிச் செருகிப் பின்பக்கத்தையும் பயன்படுத்தினார்கள். 1541 வட்டின் சுற்றுத் தொடக்கத்தைக் காட்டும் துளையைப் பார்ப்பதே இல்லை என்பதால் அது நடந்தது. பிற்காலத்து ஐபிஎம் வகை டிரைவ்களோ அந்தத் துளை கண்ணில் படும்வரை ஒன்றையும் படிக்க மறுப்பவை. திருப்பிச் செருகினால் உறையின் துளை எதிர்ப்பக்கம் போய்விடும். அதனால் பலர் டிரைவின் மின்சுற்றில் சிறு மாற்றம் செய்துகொள்கிறார்கள், அல்லது பழைய 1541-ஐயே ஜூம்ஃப்ளாப்பி என்ற இணைப்பியால் இன்றைய கணினியில் செருகிப் படிக்கிறார்கள்.

அதற்கும் முன்னால் வட்டைக் கண்ணால் பார்க்க வேண்டும். உறையின் நீள்துளை வழியே வட்டைக் கையால் மெல்லச் சுழற்றி, சாய்ந்த வெளிச்சத்தில் நோக்கினால், வெண்ணிறப் புள்ளிகளாகப் படர்ந்த பூஞ்சை தெரியும். ஈரப்பதம் மிகுந்த கடற்கரை ஊர்களில் அலமாரிக்குள் முப்பது ஆண்டு கிடந்த வட்டுகளில் இது தப்புவது அரிது. அப்படியே செருகினால், ஹெட்டில் ஒட்டும் பூஞ்சை ஒரு தடத்தின் ஆக்சைடை வளையமாகச் சுரண்டி எடுத்துவிடும், பின் அந்த வளையத்தின் வழியே மறுபக்கத்து வெளிச்சம் தெரியும், அழுக்கேறிய ஹெட் அடுத்த வட்டையும் கெடுக்கும். ஆகவே உறையின் ஓரத்தைக் கத்தியால் கீறி, படலத்தை வெளியே எடுத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுத் துணியால் அழுத்தாமல் துடைத்து, நன்கு உலரவிட்டு, சுத்தமான வேறோர் உறைக்குள் இட்டுப் படிப்பதே வழக்கம். டிரைவ் ‘கீச்’சென்று ஒலி எழுப்பினால், பிசின் இளகிவிட்டது என்று பொருள், அந்த நொடியே நிறுத்த வேண்டும்.

படிமத்தை மீண்டும் வட்டில் எழுதிப் பழைய கணினியில் ஓட்ட விரும்புவோர் வேறொரு வலையில் விழுகிறார்கள். ஐபிஎம் கணினிகளின் 1.2 மெகாபைட் டிரைவின் ஹெட், பழைய டிரைவின் ஹெட்டைப் போலப் பாதி அகலமே உடையது. ஏற்கெனவே எழுதப்பட்ட பழைய வட்டில் அது புதிய தடத்தை எழுதும்போது, அகன்ற பழைய தடத்தின் விளிம்புகள் இருபுறமும் அழியாமல் நிற்கும். 1541-இன் அகன்ற ஹெட் புதியதையும் பழையதையும் கலந்து படித்துக் குழம்பும். முழுக்கக் காந்தநீக்கம் செய்த வட்டில்தான் எழுத வேண்டும். இந்தத் தொல்லையே வேண்டாம் என்பவர்கள், டிரைவுக்குப் பதிலாக யுஎஸ்பி நினைவகத்திலிருந்து படிமங்களைத் தரும் கோடெக் பெட்டியையோ, 1541-ஐ அப்படியே மின்சுற்றாக நடிக்கும் அட்டைகளையோ பொருத்திக்கொள்கிறார்கள்; அதுவும் எமுலேஷன்தான், பாதிப் பொறிக்கு மட்டும்.

படித்தும் புரியாதவை

வட்டிலிருந்து பைட்டுகளை மீட்டுவிட்டால் வேலை முடிந்தது என்ற நம்பிக்கையை உடைத்த நிகழ்வு, ஓவியர் ஆண்டி வார்ஹாலின் அமிகா ஓவியங்களின் மீட்பு. 1985 ஜூலை 23 அன்று நியூயார்க்கின் லிங்கன் சென்டரில் கமடோர் தன் அமிகா கணினியை அறிமுகம் செய்தபோது, மேடையில் அமர்ந்து பாடகி டெபி ஹாரியின் உருவத்தை வார்ஹால் அதில் தீட்டினார். அவருடைய வட்டுகள் பிட்ஸ்பர்க்கில் உள்ள வார்ஹால் அருங்காட்சியகத்தில் திறக்கப்படாமல் இருந்தன. கலைஞர் கோரி ஆர்க்காஞ்சலின் தூண்டுதலால், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கணினிச் சங்கத்தினர் கிரையோஃப்ளக்ஸ் கொண்டு அவற்றைப் படித்தார்கள். 2014இல் கண்டுபிடிப்பு அறிவிக்கப்பட்டது. காம்பெல், மர்லின் என்பன போன்ற கோப்புப் பெயர்கள் தெரிந்தன. கோப்புகளை மட்டும் எதனாலும் திறக்க முடியவில்லை. அவர் பயன்படுத்தியது சந்தைக்கு வருவதற்கு முந்தைய ஓவிய மென்பொருள் என்பதால், அதன் வடிவம் பிற்கால அமிகா நிரல்கள் அறிந்த வடிவத்தோடு பொருந்தவில்லை. பைட்டுகளின் அமைப்பை மாணவர்கள் தாங்களே ஆராய்ந்து கண்டறிந்த பிறகுதான், மூன்று கண்களோடு நிற்கும் வீனஸ் உருவமும் சூப் டப்பாவும் திரையில் தோன்றின.

இதே வகைச் சிக்கல் தமிழிலும் உண்டு. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு, கு. கல்யாணசுந்தரம் உருவாக்கிய மயிலை எழுத்துரு முதலியவற்றின் காலத்தில், எந்த எண்ணுக்கு எந்தத் தமிழ் எழுத்து என்பதை ஒவ்வோர் எழுத்துருவும் தன் விருப்பப்படி வகுத்தது. ஒருங்குறி பரவுவதற்குமுன் அச்சகங்களும் இதழ்களும் தட்டெழுதி நெகிழ்வட்டில் வைத்த உரைகளை இன்று குறையின்றிப் படியெடுத்தாலும், உரிய எழுத்துருவும் அதன் பட்டியலும் இல்லாவிட்டால் ரோமன் எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையே திரையில் தெரியும். வட்டைப் படிப்பதிலேயே சிக்கல் எழும் இடமும் இங்கே உண்டு: 1984-85இல் இந்தியப் பள்ளிகளில் கணினிக் கல்வியைத் தொடங்கிய கிளாஸ் திட்டம் பிபிசி மைக்ரோ என்ற கணினியைத் தேர்ந்தெடுத்தது. அதன் வட்டுகள் பழைய ஒற்றை அடர்த்தி முறையில் எழுதப்பட்டவை, ஐபிஎம் வகைக் கணினிகள் பலவற்றின் கட்டுப்படுத்திகளுக்கு அந்த முறையே தெரியாது. இவ்வட்டுகளை வைத்திருக்கும் பள்ளி ஏதேனும் இன்னும் இருந்தால், பழைய கணினியைத் தேடி அலையாமல் கிரீஸ்வீசலாலேயே அவற்றைப் படித்துவிடலாம்.

சட்டத்தின் நிலை இவ்வளவு தெளிவானதன்று. எமுலேட்டரை யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் அது ஓடுவதற்குத் தேவையான நிலை நினைவக நிரல்கள் நிறுவனங்களின் பதிப்புரிமைக்கு உட்பட்டவை. கமடோர் திவாலான பிறகும் அந்த உரிமை மறையவில்லை, கை மாறியது; க்ளோன்டோ நிறுவனம் அமிகா, கமடோர் 64 நிரல்களை உரிமத்தோடு விற்கிறது. பூட்டை உடைப்பதையே குற்றமாக்கிய அமெரிக்கச் சட்டத்திலிருந்து, வழக்கொழிந்த வடிவங்களில் உள்ள மென்பொருளைக் காக்க முனையும் காப்பகங்களுக்கு 2003இல் அந்நாட்டு காங்கிரஸ் நூலகத்தின் வழியே விலக்கு கிடைத்தது.

எந்த வட்டை முதலில் படிப்பது என்பதில் இத்துறையின் ஆர்வலர்கள் செய்யும் தேர்வுதான் கவலைக்குரியது. பல்லாயிரம் படிகள் விற்ற விளையாட்டின் பூட்டை நுணுகி ஆராயச் செலவாகும் உழைப்பில் ஒரு பங்குகூட, ஒருவர் தன் கையால் எழுதிவைத்த பெயரொட்டியோடு கிடக்கும் வட்டுகளுக்குச் செலவாவதில்லை. முன்னதற்கு ஒரு பிரதி கெட்டாலும் வேறொன்று எங்கோ இருக்கும், பின்னதற்கு இரண்டாம் பிரதி கிடையாது. 1989இல் ஆப்பிள் 2-க்கு வெளிவந்த ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’வின் மூல நிரல் தொலைந்துவிட்டதாகவே அதை எழுதிய ஜோர்டன் மெக்னர் நெடுங்காலம் கருதியிருந்தார், அவருடைய தந்தை வீட்டில் கண்டெடுத்து அனுப்பிய பெட்டியில் 3.5 அங்குல வட்டுகளாக அது இருந்தது. ஆப்பிளின் அவ்வகை டிரைவ்கள் தடத்துக்கேற்பச் சுழலும் வேகத்தையே மாற்றுபவை என்பதால் சாதாரண டிரைவில் அவற்றைச் செருகிப் பயனில்லை. இன்டர்நெட் ஆர்க்கைவின் ஜேசன் ஸ்காட்டும், பழைய ஆப்பிள் கருவிகளைச் சேர்த்துவைத்திருந்த டோனி டியாஸும் 2012 ஏப்ரலில் மெக்னரின் வீட்டுக்கே பொறிகளோடு சென்று அவற்றைப் படித்தார்கள். இருபதாண்டுகளுக்கு மேல் பெட்டியில் கிடந்த அந்த வட்டுகள் படிக்கக்கூடிய நிலையில் இருந்தன. நிரல் உடனே கிட்ஹப் தளத்தில் பொதுவில் வைக்கப்பட்டது.